முந்திரிக்கொட்டைத் திருநாள்: கொண்டாட 16 குறிப்புகள்

எங்கள் வீட்டு காலண்டரில் டிசம்பர் 3-ம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு முந்திரிப்பழம் வரைந்திருக்கும். அரசு விடுமுறை கிடையாது. பஞ்சாங்கத்தில் தேடவும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்களே கிளப்பிவிட்ட பண்டிகை. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் "இதைத்தானே சொல்ல வந்தே?" என்று குறுக்கே விழுந்து வார்த்தை எடுத்துக்கொடுக்கிறதே கைப்பேசி கீபோர்டு, அதற்கான நாள்.

ஆரம்பித்தது ஒரு மழைச் சாயங்காலம். ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குடும்ப குரூப்பில் "வழியில் இருக்கேன், லேட்டாகும்" என்று போட்டேன். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிற கை. ழகரத்துக்கு வேண்டிய 'இசட்'டை விட்டுவிட்டுச் சோம்பலில் 'எல்' போட்டுவிட்டது. போய்ச் சேர்ந்தது: "வலியில் இருக்கேன், லேட்டாகும்." அதோடு சார்ஜும் தீர்ந்தது. வீட்டுக்கு வந்தால் வாசலில் மாமியார், பக்கத்தில் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா, வீடியோ காலில் திருச்சி நாத்தனார், அடுப்பில் சுக்குக் கஷாயம். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துக் கீழே வைத்த பிறகுதான் என்னைப் பேசவே விட்டார்கள்.

நீங்களும் கொண்டாட நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. பெயரை முதலில் முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் வைத்தது முந்திரிக்கொட்டைத் திருநாள். முந்திரியில் கொட்டை பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெரியவர்கள் பேசும்போது நடுவில் நுழைகிற பிள்ளையை "ஏண்டா முந்திரிக்கொட்டை" என்று அதட்டுவது அதனால்தான். இந்த கீபோர்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எந்த அகராதியிலும் அகப்படாது. தேதிக்கும் காரணம் உண்டு. 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவரும் முந்திரிக்கொட்டைதான்!

2. காலையில் எல்லோருக்கும் அரை டம்ளர் சுக்குக் கஷாயம் கட்டாயம். ஒரு விரல் நீளச் சுக்கை நசுக்கி, பத்து மிளகு, ஒரு ஸ்பூன் தனியாவோடு மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, பனைவெல்லம் சேர்த்து வடிகட்டுங்கள். டிசம்பர் மழைக்கு இதமாக இருக்கும். வலி இருந்தால்தான் குடிக்க வேண்டும் என்றில்லை.

3. போகிக்கு வீட்டை ஒழிப்பதுபோல் அன்றைக்கு கீபோர்டை ஒழியுங்கள். அவசரத்தில் ஒருமுறை தப்பாக அடித்ததைக்கூட அது பத்திரமாக எடுத்து வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு வைத்திருப்பவர்கள், மேலே வரிசையில் வேண்டாத வார்த்தை வரும்போது அதை விரலால் அழுத்திப் பிடித்தால் குப்பைத்தொட்டி படம் தோன்றும். அப்படியே இழுத்து அதில் போட்டால் தீர்ந்தது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல் போய், ரீசெட் பகுதியில் 'ரீசெட் கீபோர்டு டிக்ஷனரி'யைத் தொட வேண்டும். ஆனால் அது ஒன்றிரண்டு வார்த்தையைப் பொறுக்கி எடுக்காது. கற்றுக்கொண்டதையெல்லாம் ஒரே மூச்சில் மறந்துவிடும். உங்கள் குலதெய்வத்தின் பெயரை அதற்கு இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

4. மதியம் சாப்பாட்டுக்கு முன் 'பிழை படித்தல்'. இதுதான் எங்கள் வீட்டில் பண்டிகையின் உயிர். அவரவர் போனைத் தோண்டி, அனுப்பியதிலும் வந்ததிலும் உச்சமான ஒன்றை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது சிரிக்கக்கூடாது என்பது விதி. என் கணவர் தன் பெரியப்பாவுக்கு அனுப்பிய "எண்பதாம் பிறந்தநாள் வாத்துகள்" இரண்டு வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியது. பெரியப்பா "எத்தனை உருப்படி?" என்று பதில் கேட்டிருந்தார். போன வருடம் அதைத் தோற்கடித்தது மகளின் வகுப்புத் தாய்மார் குரூப்பில் யாரோ போட்ட மழை அறிவிப்பு: "இன்று பல்லிக்கு விடுமுறை." பல்லிகள் சந்தோஷப்பட்டிருக்கும்.

வாத்து விஷயத்தில் நாம் தனியாக இல்லை. ஆங்கிலத்தில் கோபமாகத் திட்ட வந்தவர்களுக்கும் ஐபோன் வருடக்கணக்கில் வாத்தைத்தான் எடுத்துக் கொடுத்தது. கடைசியில் 2023 ஜூனில் ஆப்பிள் நிறுவனத்தின் கிரெய்க் ஃபெடரிகி மேடையிலேயே அதைக் கேலியாகச் சொல்லி, இனி திட்டு திட்டாகவே போகும் என்று அறிவித்தார். அதற்கும் முந்தைய கம்ப்யூட்டர் காலத்தில், பழைய பிழைதிருத்தி ஒன்று 'ஒத்துழைப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கூபர்டினோ என்று கலிஃபோர்னியாவின் ஊர்ப்பெயராக மாற்றிவிடும். ஐரோப்பிய அரசு ஆவணங்களில்கூட அந்த ஊர் சம்பந்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

5. பிள்ளைகளுக்கு ஒரு போட்டி. ஒரே ஆங்கில எழுத்துக்கோவைக்குள் எத்தனை தமிழ் வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'கே, ஏ, எல், ஐ' என்ற நான்கு எழுத்துக்கு களி, காளி, காலி, கலி என்று அடுக்கலாம். 'வி, ஏ, எல், ஐ' என்றால் வலி, வாலி, வளி, சோம்பேறிகளுக்கு வழி. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் நோட்டில் கையால் எழுதினால்தான் மதிப்பெண். ல, ள, ழ வித்தியாசம் இந்த விளையாட்டில் ஒட்டியதுபோல் என் மகளுக்கு எந்தச் சொல்வதெழுதலிலும் ஒட்டவில்லை.

6. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அன்றைக்கு ஒரு நாளாவது தமிழ்99 விசைப்பலகையில் அடித்துப் பாருங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அதற்கு வழி உண்டு. முதல் பத்து நிமிடம் எழுத்தைத் தேடித் தேடிக் கண் வலிக்கும். (நிஜமான வலி.) பிறகு ஒரு அதிசயத்தைக் கவனிப்பீர்கள். ஙகரத்தை அடித்து அடுத்து ககரத்தை அடித்தால், புள்ளி தானாக விழுந்து 'ங்க' வரும். ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற என்று வந்தாலும் அப்படியே. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி அதுவே வைத்துவிடும். அதனால் 'அம்மா' அடிக்கப் புள்ளியைத் தேடவே வேண்டாம். எந்த மெய்க்குப் பின் எது வரும் என்று நம் இலக்கணக்காரர்கள் மெய்ம்மயக்கம் என்ற பெயரில் எப்போதோ கணக்கு வைத்துவிட்டார்கள். இந்த விசைப்பலகை அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. நம் பக்கத்து முந்திரிக்கொட்டை, ஆனால் அடக்கமானது.

7. மாமியாரைக் கலந்துகொள்ள வைக்க இந்த விளையாட்டைவிட நல்லது கிடையாது. பழைய மளிகைப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வார்த்தையின் முதல் பாதியை மட்டும் படியுங்கள். அடுத்த பாதியை அவர்கள் சொல்ல வேண்டும். "துவரம்..." என்றால் "பருப்பு" என்று நீங்கள் வாய் மூடுமுன் வரும். வேறு என்ன வர முடியும்? "பெருங்..." என்றால் காயம். "பெருஞ்..." என்றால் சீரகம். ஒற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் "கடலை..." என்று நிறுத்துங்கள். பருப்பா, எண்ணெயா, மாவா, மிட்டாயா? எங்கள் அத்தை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எந்த மாசத்து லிஸ்ட்டு?" என்றார். தீபாவளி மாதம் என்றேன். "அப்போ மாவு." சரியான பதில்!

அத்தை கேட்ட அந்தக் கேள்வியில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. முன்னால் என்ன வந்தது, எந்தச் சந்தர்ப்பம் என்று அதிகம் தெரியத் தெரிய ஊகம் குறி தவறாது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1951-ல் வெளியிட்ட கட்டுரையில் செய்து காட்டியதும் ஏறக்குறைய இதே விளையாட்டுதான். ஆங்கிலப் பத்தி ஒன்றை மறைத்துவைத்து, அடுத்த எழுத்து என்னவென்று ஆட்களை ஊகிக்கச் சொல்லி, எத்தனையாவது ஊகத்தில் சரியாக வருகிறது என்று எண்ணினார். அவருக்கும் முன்னால், 1913-ல், ரஷ்யாவின் ஆந்த்ரேய் மார்கோவ் புஷ்கினின் கவிதை நாவலில் முதல் 20,000 எழுத்தை எடுத்துக்கொண்டு, உயிரெழுத்துக்குப் பின் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையாலேயே எண்ணி முடித்திருந்தார். அந்தப் பொறுமைக்கு ஒரு டம்ளர் கஷாயம் கூடுதலாகவே தரலாம்.

8. நடுப்பொத்தான் அந்தாதி. "நான் இன்றைக்கு" என்று அடித்துவிட்டு, மேலே வரும் மூன்று வார்த்தைகளில் நடுவில் இருப்பதையே பதினைந்து முறை தொடுங்கள். ஒரு வார்த்தை முடிகிற இடத்திலிருந்து அடுத்தது கிளம்பும். அந்தாதி மாதிரிதான், பொருள் மட்டும் இருக்காது. என் கணவருக்கு வந்தது: "நான் இன்றைக்கு வர முடியாது என்று சொல்லி விட்டு வருகிறேன் என்று சொல்லி விட்டு வருகிறேன்..." செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றியது. முன்னால் வந்த ஒன்றிரண்டு வார்த்தையை மட்டும் பார்த்து நடப்பதால் வரும் கிறுகிறுப்பு அது. மகளுடையது நாலாவது வார்த்தையிலேயே காசு கேட்டது. என் போனில் "சாரி" என்று ஆரம்பித்தால் அடுத்து "லேட்டாயிடுச்சு" வருகிறது. அதை ஊகம் என்று நான் சொல்ல மாட்டேன். சாட்சி சொல்கிறது.

கொஞ்சம் எச்சரிக்கை: விருந்தாளிகளை இதற்கு வற்புறுத்தாதீர்கள். யாருடைய நடுப்பொத்தானில் என்ன வருமோ, யார் கண்டார்கள்?

9. பரணில் பழைய பட்டன் போன் இருந்தால் இறக்குங்கள். 2000-ல் வந்த நோக்கியா 3310 இருந்தால் பூப்போட்டு வைக்கலாம். (ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006 முதல் 2014 வரை அந்தக் கம்பெனியின் போன்கள் செய்யப்பட்டதால், நம்மூர்ப் பரண்களில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.) எட்டுப் பொத்தானுக்குள் இருபத்தாறு ஆங்கில எழுத்தையும் அடக்கியிருப்பார்கள். 'ஹோம்' என்று அடிக்கப் பழைய முறையில் எட்டு அழுத்தல் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் டெஜிக் என்ற நிறுவனம் உருவாக்கிய டி9 ஊக முறை வந்த பின் நான்கே போதும்: 4, 6, 6, 3. சிக்கல் என்னவென்றால், 'குட்' என்பதற்கும் அதே 4663தான். 2665 அழுத்தினால் 'புக்'கும் வரும், 'கூல்'லும் வரும். ஒரே சொல்லடுக்கில் பாம்பையும் எள்ளையும் பாடிய காளமேகப் புலவர் பார்த்திருந்தால், இதெல்லாம் ஒரு சிலேடையா என்று கேட்டிருப்பார்.

10. பலகாரம்: முந்திரிக்கொத்து. நான் நாகர்கோவில் பக்கம், அதனால் இதில் சமரசம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் இதில் ஒரு முந்திரிகூட இருக்காது. பெயரின் முதல் பாதியைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறவர்களுக்கு இந்த நாளில் இதைவிட நல்ல பாடம் இல்லை. இந்த 'முந்திரி', கொடிமுந்திரி என்று முன்னோர் சொன்ன திராட்சை. உருண்டைகள் குலைபோல ஒட்டிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர்.

ஒரு கப் சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துப் பொடியுங்கள். ரொம்ப நைஸாக வேண்டாம். அரை கப் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, ஒரு மேசைக்கரண்டி எள், ஏலக்காய்த்தூளோடு பொடியில் சேருங்கள். முக்கால் கப் வெல்லம் அல்லது கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, பாகாகக் காய்ச்சி, சுடச்சுட ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் சின்ன எலுமிச்சை அளவு உருட்டுங்கள். ஆறவிட்டால் உருண்டை இறுகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எண்ணெயில் உடைந்துவிடும். பச்சரிசி மாவில் சிட்டிகை உப்பும் மஞ்சள் தூளும் போட்டு தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகத் தோய்த்து எண்ணெயில் போட்டால் ஒட்டிக்கொண்டே பொரியும். கீபோர்டுக்கு மேலே மூன்று வார்த்தை, தட்டில் மூன்று உருண்டை.

11. நிஜ முந்திரி வேண்டுமென்பவர்கள் பண்ருட்டிப் பக்கம் யாராவது போனால் சொல்லிவிடுங்கள். வாங்கியதை ஈரமில்லாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வராது. தோட்டத்திலிருந்து பச்சைக் கொட்டை கொண்டுவந்தால் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதன் தோலில் உள்ள எண்ணெய் பட்டால் புண்ணாகிவிடும்.

12. வருடம் முழுக்கப் பலன் தரும் குறிப்பு இது: சுருக்கெழுத்துச் சேமிப்பு. ஜிபோர்டின் செட்டிங்ஸில் டிக்ஷனரி, அதற்குள் பர்சனல் டிக்ஷனரி இருக்கிறது. ஐபோனில் கீபோர்டு பகுதியில் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட். அங்கே 'முக' என்று அடித்தால் முழு வீட்டு முகவரியும், பக்கத்து அடையாளமான பிள்ளையார் கோயிலோடு வரும்படி வைத்துக்கொள்ளலாம். கேஸ் புக்கிங், கூரியர் பையன், கல்யாணப் பத்திரிகை அனுப்பக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் இரண்டே எழுத்து. வங்கி ரகசிய எண், ஆதார் எண், பாஸ்வேர்டு எதையும் அதில் வைக்காதீர்கள். போன் யார் கையிலும் போகலாம்.

13. வயதானவர்கள் போனில் வார்த்தை எடுத்துக்கொடுக்கும் வசதியை அணைத்துவிடாதீர்கள். எரிச்சல் நமக்குத்தான். விரல் நடுங்குகிறவர்களுக்குப் பத்துத் தட்டலுக்குப் பதில் மூன்று என்பது பெரிய விஷயம். ஸ்டீஃபன் ஹாக்கிங் கன்னத் தசையின் சிறு அசைவால் எழுதினார். 2014-ல் இன்டெல் அவருக்குப் புதுப்பித்துக் கொடுத்த அமைப்பில், அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது லண்டன் நிறுவனமான ஸ்விஃப்ட்கீயின் கீபோர்டு நுட்பம்தான். ஜிபோர்டில் கீபோர்டின் உயரத்தைக் கூட்டவும் வழி இருக்கிறது. பாட்டியின் போனில் அதைச் செய்து கொடுப்பதையே அன்றைய சீராக வைத்துக்கொள்ளலாம்.

14. நெட் இல்லாத ஊர்ச் சொந்தக்காரர்களுக்கு அன்றைக்கு ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்புங்கள், ஆனால் சிக்கனமாக. ஆங்கிலம் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் என்றால் 70 இடம்தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'வாழ்த்துகள்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. போனின் கணக்கில் பதினொன்று. 'வாத்துகள்' ஒன்பதில் முடிந்துவிடும், ஆனாலும் வேண்டாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-ல் சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழிலேயே செய்தி எழுத வழி செய்தது. அவருக்காகவாவது ஒன்று அனுப்பலாம்.

15. தானாக வருவதைத் தொடவே கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, துக்கச் செய்தி. யாரோ இறந்த செய்திக்குக் கீழே முப்பது பேர் ஒரே வார்த்தையை ஒரே பிழையோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வரியானாலும் நீங்களே எழுதுங்கள். முடியாவிட்டால் போன் செய்யுங்கள். இன்னொன்று, பணம். தொகையை எண்ணில் எழுதி, அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். ஒரே பெயரில் நமக்குக் குறைந்தது மூன்று சித்தப்பாக்கள் இருப்பார்கள்.

16. மறுநாள் காலை, ஆபீஸ் கிளம்புமுன், பர்சனல் டிக்ஷனரியைத் திறந்து பாருங்கள். 12-ம் குறிப்பு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். போன வருடம் டிசம்பர் 4-ம் தேதி, மேலாளருக்கு "சரி சார்" என்று அடித்து அனுப்பிவிட்டு போனைப் பையில் போட்டேன். சாயங்காலம்தான் பார்த்தேன். 'சரி' என்று நான் அடித்ததெல்லாம் "பல்லிக்கு விடுமுறை" என்று போயிருந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டிருந்தார். அதுவும் மேலே தானாக வந்ததைத் தொட்டதாகத்தான் இருக்க வேண்டும்.